வராந்தா கோடியில் ஓர் இடம்

"ஒடம்பு நல்லா கீறப்பவே வைத்தியனுக்குச் சந்தா கட்டறவன் மனுசனே இல்ல!" என்று நூம்பல் கோதண்டம் ஊரறியச் சபதம் போட்டிருந்தார்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. பூந்தமல்லி டாக்டர் பால்ராஜ் புதிதாக ஓர் ஏற்பாடு செய்திருந்தார். மாதாமாதம் சந்தா கட்டினால், குடும்பத்தில் யாருக்கு நோய் வந்தாலும் காக்கவைக்காமல் பார்ப்பார்.

"நாமளும் சேந்துக்கலாம்யா" என்றாள் மனைவி தாட்சாயிணி.

"தர்மாஸ்பத்திரி எதுக்குக் கீது? ராசா நமக்கோசரம்தானே கட்டி வுட்டுகீறாரு!"

சீக்கிரமே ராசாவின் தயவு தேவைப்பட்டது. ஏற்றம் இறைத்தவருக்குக் குடல் இறக்கம்.

பட்டணத்துத் தர்மாஸ்பத்திரிக்கு மனைவியோடு போனார். வராந்தா நெடுக ஜனம். "நாளைக்கு வா" என்றார்கள். மறுநாளும் அதையே சொன்னார்கள். அதற்கடுத்த நாள், வராந்தா கோடியில் ஆளில்லாத ஒரு பெஞ்சைக் கண்டுபிடித்து உட்கார்ந்தார். தாட்சாயிணி எதிரே பெண்கள் பக்கம் போனாள்.

உச்சி வெயிலில் சுவரெல்லாம் கொதித்தது. அந்த மூலை மட்டும் கிணற்றுக்குள் இறங்கினதுபோல் சில்லிட்டது. எங்கிருந்தோ சீமெண்ணெய் வாடை. திரும்பினார். பக்கத்தில் ஒரு கிழவர், மடியில் காலி மருந்து சீசாவோடு.

"ரொம்ப நேரமா குந்திகினு கீறீங்களா, பெரியவரே?"

"எம்டன் கப்பல் வந்து சீமெண்ணெய்த் தொட்டி மேல குண்டு போட்டுதே, அதுக்கு மறுநாளு வந்தேன். இன்னும் பேர் கூப்புடல."

கோதண்டம் சிரித்தார். எம்டன் வந்துபோய் ஒரு மாமாங்கத்துக்கு மேல் ஆகியிருந்தது. கிழவர் சிரிக்கவில்லை. கண்ணையும் இமைக்கவில்லை.

"மொதல்ல பசிக்கும். அப்பால பசிக்காது. அப்பால வலியும் போயிரும்" என்று கோதண்டத்தின் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி ஐஸாகச் சுட்டது; ஆனால் கனமே இல்லை. "ஒனக்கோசரம்தான் இந்த எடத்தைக் காலியா வெச்சிருந்தேன், நைனா."

குடல் கையில், உயிர் தொண்டையில். ஓடினார் கோதண்டம். தாட்சாயிணியை இழுத்துக்கொண்டு, கிடைத்த பஸ்ஸில் ஏறி, பூந்தமல்லியில்தான் மூச்சு விட்டார்.

"டாக்டரே, என்னைச் சந்தாவுல சேத்துக்கங்க! இப்பவே!"

"உங்களைப் போன ஆடியிலேயே சேத்தாச்சே! உங்க சம்சாரம்தான் மாசம் தவறாம கட்டிட்டு வர்றாங்க" என்றார் பால்ராஜ்.

கோதண்டம் மனைவி பக்கம் பாய்ந்தார். "அடிப்பாவி! அப்பறம் எதுக்கு இத்தினி நாளு அங்க குந்த வெச்சே?"

"கூப்புட்டா வந்திருப்பியா? ஊருக்கே சபதம் போட்டவனாச்சே. நீயா ஓடியாரட்டும்னு வுட்டேன்."

"ஓகோ! அந்தக் கெழவனையும் நீதான் ஏவி வுட்டியா?"

தாட்சாயிணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எந்தக் கெழவன்யா? அந்தப் பெஞ்சுல நீ தனியா குந்திகினு சொவத்தாண்டதானே பேசிகினு இருந்தே!"

கோதண்டத்தின் மணிக்கட்டு இன்னும் சில்லென்றுதான் இருந்தது.

அவள் டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"கொடலோட சேத்து இவரு தலையையும் ஒருதபா பாத்துடுங்க டாக்டரே."