பின்னறைக்காரர் மீது ஒரு முறைப்பாடு

மதிப்பிற்குரிய 'தோணிக்கால்' சஞ்சிகை ஆசிரியர் அவர்களுக்கு,

குருக்கள்மடத்திலிருந்து ஓய்வுபெற்ற நீர்ப்பாசன மேற்பார்வையாளர் வினாயகமூர்த்தி எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் சஞ்சிகையும் சுகமாயிருக்க மாமாங்கேஸ்வரர் அருள்வாராக.

தாங்கள் சிபாரிசு செய்தீர்கள் என்றுதான் எழுத்தாளர் உதயரூபனுக்குப் பின்னறையை வாடகைக்குக் கொடுத்தேன். வீடு என் மனைவி புஸ்பத்தின் சீதனம். வந்தவர் குளிக்கவன்றி வெளியே வருவதேயில்லை. வாவிக்காற்றுக்குக்கூட யன்னலைத் திறப்பதில்லை. சோற்றுக்கோப்பை உள்ளே போகும், வெறுமையாக வெளியே வரும், ஆளைக் காணோம். என்னதான் செய்கிறார் என்று சுவரில் காதை வைத்தேன். அந்தப் பக்கமும் யாரோ காதை வைத்திருப்பதுபோல் மூச்சுச் சத்தம்!

போன கிழமை அவர் குளிக்கப் போன நேரம் உள்ளே எட்டிப் பார்த்தேன். மேசையில் ஒரு தாள். அதில் ஒரு கட்டம், ஒரு மூலையில் 'வி', மறு மூலையில் 'பு', நடுவே வெறும் வெள்ளை. ஐயா, வி நான், பு புஸ்பம்! பிரிவினைச் சூனியம் இல்லாமல் இது வேறென்ன? புஸ்பம் என்னோடு கதைப்பதை நிறுத்தி இரண்டு மாதம். அவளுடைய அம்மா வைத்த மாமரத்தைக் கேளாமல் தறித்தேன்தான், அதுக்கு ரெண்டு மாசம் வாய் திறக்காத பொம்புளையும் உலகத்தில இருக்காளா? மறுநாள் அவர் குளிக்கப் போனபோது பூசாரி சாமித்தம்பியைக் கூட்டிவந்து தாளைக் காட்டினேன். மறுகா அவரும் உத்துப் பாத்திட்டு, "அண்ணே, இது நம்மட சக்கரமில்ல, படிச்சவன்ட வேலை, எனக்கு ஏலா" எண்டு மந்திரிக்கக் கொண்டுவந்த தேசிக்காயையும் எடுத்துக்கொண்டு போயிட்டார்.

நேரிலேயே கேட்டேன். "சொல்லே இல்லாத நாவல் ஐயா, உங்கட வீட்டு மௌனத்தை எழுதுறன்" எண்டார். கதைக்காததை எழுத ஒருத்தன் வாடகை குடுப்பானா? நம்புற கதையா இது? நான் மதிலோட கதைக்கிற நிலைக்கு வந்திட்டன் ஐயா. அவள்ட குரல் எனக்கு வேணும், ஏசினாலும் பரவாயில்லை. ஆகவே இவரை உடனடியாக அழைத்துக்கொள்ளவும்.

தங்கள் வீட்டாருக்கும் சந்தாதாரர்களுக்கும் என் ஆசிகள்.

இங்ஙனம்,
க. வினாயகமூர்த்தி

பி.கு.: பிழை திருத்த இதை உரத்து வாசித்தேன். குசினிக்குள்ளிருந்து புஸ்பம் அகப்பையோடு வந்து, "மரத்தத் தறிச்சது நீங்க, சூனியம் செஞ்சது அந்தத் தம்பியா? வெக்கமில்லையா?" என்று தொடங்கியவள் மூச்சுவிடாமல் ஏசினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் இப்போது எழுத்தாளர் பெட்டியோடு வாசலில் நிற்கிறார். நாங்கள் கதைக்கத் தொடங்கியதால் நாவல் கெட்டுப்போச்சாம். மேலே எழுதியதை மறந்துவிட்டு எப்படியாவது அவரை மறியுங்கள் ஐயா. "ஒரு கரைச்சலும் இல்லாத மனிசன். அவர் போனா நீங்களும் அவரோடயே போங்க" எண்டு புஸ்பம் சொல்லிப்போட்டாள்.