இரண்டு லிட்டர் தெளிவு

வாழ்க்கையில் ஒரே ஒரு முறை போலீஸ் ஸ்டேஷனுக்கு லஞ்சம் கொண்டுபோயிருக்கிறேன். அதுவும் அவர்கள் கேட்காத லஞ்சம். கேட்காததைக் கொடுத்த குற்றத்துக்காக என்னையே பிடித்து பெஞ்சில் உட்கார வைத்தார்கள். இதை நான் வெளியே சொல்லாமல் மறைத்திருக்கலாம். ஆனால் கேரளத்து எல்லைக்குள் இருக்கும் எங்கள் தமிழ் ஊரான எருத்தேன்பதியில் எனக்கு முன்பே எல்லாரும் சொல்லி முடித்துவிட்டார்கள். என் கதையை ஊரே தப்பும் தவறுமாகச் சொல்லும்போது, சரியாகச் சொல்லும் உரிமையாவது எனக்கு வேண்டாமா?

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. பால் சொசைட்டியில் வேலை. கொண்டுவரும் பாலைச் சோதித்து, தண்ணீர் கலந்திருந்தால் முகத்துக்கு நேரே திருப்பி அனுப்ப வேண்டும். (ஊரில் பலருக்கு என்மேல் பாசம் குறைவு. காரணம் இதுதான்.) வீட்டிலிருந்து சொசைட்டிக்கு ஐந்து கிலோமீட்டர். பச்சை நிறச் சைக்கிள் ஒன்று வைத்திருந்தேன். அதில் ஏறி உட்கார்ந்துவிட்டால் எனக்கு யாருடைய தயவும் தேவையில்லை. நினைத்த நேரத்துக்குப் போவேன், நினைத்த இடத்தில் நிற்பேன். கொஞ்சம் திமிர்தான், மறுக்கவில்லை.

அந்த ரோட்டில் காலை நேரம் கள்ளு வண்டிகளுக்குச் சொந்தம். எங்கள் பக்கத்துத் தோப்புகளில் இறக்கும் கள்ளு, பிக்கப் வண்டிகளில் ஏறிக் கேரளம் முழுக்கப் போகிறது. அதிகமாகப் புளிப்பதற்குள் கடை போய்ச் சேர வேண்டும் என்பதால் டிரைவர்களுக்கு எப்போதும் தலைபோகிற அவசரம். அவர்கள் கண்ணுக்குச் சைக்கிள் ஒரு வாகனமே அல்ல, ரோட்டோரம் முளைத்த செடி. நான் முழங்கையை மடக்காமல் ஓட்டினால் அவர்கள் வண்டித் தகரத்தில் இடிக்கும், அவ்வளவு பக்கத்தில் உரசிக்கொண்டு போவார்கள். வண்டி தொடாவிட்டாலும் அதன் காற்று தள்ளிவிடும். நானும் சும்மா இருந்ததில்லை. போகிற வண்டியைப் பார்த்துத் தமிழிலும் மலையாளத்திலும் மாற்றி மாற்றித் திட்டுவேன். அவர்கள் அடுத்த வளைவைத் தாண்டியிருப்பார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு வண்டி உரசுவதோடு நிற்கவில்லை. ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த என் சாப்பாட்டுப் பையை அதன் பக்கக் கண்ணாடி கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு போனது. பை போன திசையில் சைக்கிளும் கொஞ்ச தூரம் போனது. நான் மட்டும் வாய்க்கால் மேட்டில் கிடந்தேன். வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் வழன்றுவிட்டது. என் எலுமிச்சை சாதம் அன்றைக்கு எந்த ஊர் போய்ச் சேர்ந்ததோ தெரியாது.

போனை எடுத்துப் படம் பிடித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். விழுந்து கிடப்பவள் முதலில் தேடுவது போனை அல்ல, மூச்சை. தலையைத் தூக்கி நம்பரைப் படிக்கலாம் என்று பார்த்தேன். கண்ணில் பட்டது நம்பருக்கு மேலே பெரிதாக எழுதியிருந்த ‘அம்மயுடெ அனுக்ரஹம்’, அம்மாவின் அருள். அதைப் பக்தியோடு முழுவதும் படித்து முடிப்பதற்குள் வண்டி மறைந்துவிட்டது.

வீட்டில் அப்பா என் கையைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறிவிட்டது. அவருக்குக் கோபம் வராது, பயம்தான் வரும். பயம் வந்தால் தீர்ப்பு வரும்.

“நாளையிலிருந்து சைக்கிள் வேண்டாஞ்சாமி. நானே மொபட்டுல கொண்டுபோயி உடறேன்.”

அப்பாவின் மொபட்டை நீங்கள் பார்த்ததில்லை. முன்னால் இரண்டு பால் கேன், பின்னால் ஒரு கட்டுத் தீவனப்புல். நடுவில் மிச்சமிருக்கும் ஒரு சாண் இடத்தில் நான் ஒடுங்கி உட்கார்ந்து போக வேண்டும். போய் இறங்கி, பால் கொண்டுவந்தவர்களை அதட்ட வேண்டும். மரியாதை என்ன ஆகும்?

“ஏனுங்கப்பா, தப்புப் பண்ணுனவன் அவன். நான் எதுக்குங்க சைக்கிள உடோணும்? கேக்கறதுக்குப் போலீஸ் இருக்குதுங்க.”

“செரி, போயிக் கேளு. அந்த டிரைவரக் கூப்புட்டு ஒரு வார்த்தை கேட்டுட்டாங்கன்னா நீ சைக்கிள்லயே போ. இல்லீன்னா மொபட்டுத்தான்.”

சைக்கிளுக்காக மறுநாளே ஸ்டேஷன் ஏறினேன். (எந்த ஸ்டேஷன் என்று சொல்லமாட்டேன். நாளைக்கும் அந்த வழியாகத்தான் போக வேண்டும்.) மேஜைக்குப் பின்னால் புகார் எழுதும் ரைட்டர் உட்கார்ந்திருந்தார். நல்ல அகலமான மீசை. அவர் தலைக்கு மேலே, சைக்கிளைத் தாண்டும்போது தள்ளிப் போகச் சொல்லும் விளம்பரப் படம். காருக்கும் சைக்கிளுக்கும் நடுவே இவ்வளவு இடைவெளி என்று காட்டும் அம்புக்குறி இருந்தது. அந்த இடைவெளியின்மேல்தான் காலண்டர் மாட்டியிருந்தார்கள்.

இங்கே என் மலையாளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சந்தை மலையாளம், பஸ் மலையாளம், சண்டை மலையாளம் மூன்றும் நன்றாக வரும். ஆபீஸ் மலையாளம் வராது. பள்ளிக்கூடம் தமிழ் மீடியம், கல்லூரி பொள்ளாச்சி. ஆனால் வராது என்று ஒத்துக்கொள்ளும் பழக்கமும் எனக்கு வராது.

தமிழில் எழுதிக் கொண்டுபோயிருந்த புகாரை மேஜையில் வைத்து, நடந்ததை எல்லாம் வாயாலும் சொன்னேன். ரைட்டர் பொறுமையாகக் கேட்டார்.

“வண்டி நம்பர் உண்டோ மோளே?”

“நம்பர் பாக்கலீங்க சார். பின்னாடி ‘அம்மயுடெ அனுக்ரஹம்’னு எழுதியிருந்துச்சுங்க.”

“அது எல்லா வண்டியிலும் உண்டல்லோ. வேறெ தெளிவு உண்டோ?”

எங்கள் கொங்குப் பக்கத்தில் பதநீரைத் தெளுவு என்போம். பாளையில் கட்டும் பானைக்குள் சுண்ணாம்பு தடவினால் இனிப்பாகத் தெளுவு இறங்கும், தடவாவிட்டால் அது புளித்துக் கள்ளாகிவிடும். என்னை இடித்தது கள்ளு வண்டி, எங்களுக்கு இருப்பது தென்னந்தோப்பு, கேட்கிறவர் போலீஸ்காரர். எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. மனிதர் லஞ்சம் கேட்கிறார்! அதையும் காசாகக் கேட்காமல் உடம்புக்குக் குளிர்ச்சியாகக் கேட்கிறார். அவர்மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

“இப்பக் கையில இல்லீங்க சார்” என்றேன் தணிந்த குரலில்.

“தெளிவு இல்லாதெ ஞான் எந்து செய்யான்?”

“நாளைக்குக் கொண்டாந்தாச் செரிங்களா?”

“ஆ, கொண்டு வா. அப்போள் நோக்காம்.”

“எவ்வளவுங்க சார் வேணும்?”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, “எத்ர உண்டோ, அத்ரயும் நல்லது” என்றார். எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்கு நல்லதாம். ஆசைக்கு ஓர் அளவில்லையா என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தேன்.

மறுநாள் விடியற்காலையில் எங்கள் தோப்பில் மரம் ஏறும் ராசண்ணனிடம் இரண்டு லிட்டர் கேனை நீட்டினேன். அவர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, “சுண்ணாம்பு கம்மியாத்தான் தடவியிருக்குதுங்க அம்மிணி. வெயில் ஏறுறதுக்குள்ள குடிச்சுப்போடுங்க” என்றார். நான் தலையை ஆட்டினேன். காதில் வாங்கவில்லை.

கேனை இறுக மூடிக் கேரியரில் வைத்துக் கட்டினேன். சொசைட்டி வாசலில் சைக்கிள் நின்றது. பால் கொள்முதல் முடிந்து நான் கிளம்பும்போது மணி பதினொன்று. அவ்வளவு நேரமும் கேன் வெயிலில் இருந்தது. அப்புறம் நான் அதை ஒவ்வொரு வேகத்தடையிலும் குலுக்கு குலுக்கென்று குலுக்கிக் கொண்டுபோனேன். இறங்கிப் பார்த்தபோது கேனின் வயிறு உப்பியிருந்தது. ராசண்ணன் தாராளமாக ஊற்றியிருக்கிறார் என்று சந்தோஷப்பட்டேன். பாலில் கலந்த தண்ணீரை வாசனையிலேயே கண்டுபிடிப்பேன் என்று பீற்றிக்கொள்கிற மூக்கு, அன்றைக்கு லீவில் இருந்தது.

“சார், தெளுவு கொண்டாந்துட்டேனுங்க.”

ரைட்டர் முகம் மலர்ந்துவிட்டது. “மிடுக்கி! எவிடெ?” கெட்டிக்காரி என்று என்னை ஒரு போலீஸ்காரர் சொன்னது அதுவே முதலும் கடைசியும்.

நான் கேனைத் தூக்கி மேஜைமேல், முந்தைய நாளிலிருந்து அங்கேயே கிடந்த என் புகார்க் கடிதத்தின்மேலேயே வைத்தேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே என்ன என்று பார்ப்பதற்காக மூடியைத் திருகினார்.

பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். மூடி மேலே போய் மின்விசிறியில் மோதி எங்கோ விழுந்தது. வெள்ளை நுரை பொங்கிப் பீறிட்டு ரைட்டரின் மீசை, சட்டை, மேஜை, பேப்பர் எல்லாவற்றையும் நனைத்தது. என் புகாரின் மை கரைந்து நீலமாக ஓடியது. ஸ்டேஷன் முழுக்கக் கள்ளு வாசனை. மூலை பெஞ்சில், முந்தைய நாள் குடித்துவிட்டுக் கலாட்டா செய்ததற்காக உட்கார வைத்திருந்த ஓர் ஆசாமி தூக்கத்திலிருந்து எழுந்து, “நல்ல கள்ளாணல்லோ!” என்று சாட்சி சொன்னான்.

அதன் பிறகு சட்டம் பாய்ந்த வேகம் இருக்கிறதே! என் பெயர், அப்பா பெயர், வீட்டு விலாசம், போன் நம்பர், சைக்கிளின் நிறம் வரை எழுதிக்கொண்டார்கள். கள்ளு கொண்டுபோக பெர்மிட் இருக்கிறதா என்று இரண்டு முறை கேட்டார்கள். என்னை இடித்துத் தள்ளியவனைப் பற்றி முந்தைய நாள் ஒரு வரிகூட எழுதவில்லை. கேனைக் கொண்டுவந்த என்னைப் பற்றி ஒரு பக்கம் நிரம்பிவிட்டது. குடிகாரனுக்குப் பக்கத்திலேயே எனக்கும் இடம் கொடுத்தார்கள். அவன் மரியாதையாகத் தள்ளி உட்கார்ந்தான். (அந்த வாரத்தில் எனக்கு இடைவெளி விட்ட முதல் ஆள் அவன்.)

எங்கள் பேச்சு தெரிந்த ஒரு பெண் போலீஸ் வந்து விஷயத்தைக் கேட்டு, சிரித்துச் சிரித்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மிணி, அவரு கேட்டது தெளுவு இல்லீங். தெளிவு! மலையாளத்துல தெளிவுன்னா ஆதாரம். சாட்சி, போட்டோ, அந்த மாதிரி.”

பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். ஸ்டேஷன் தரை சிமெண்டு, அதற்கு அந்த உத்தேசம் இல்லை. அப்பாவுக்குப் போன் போட்டார்கள்.

அப்பா மொபட்டில், பால் கேனோடும் புல்லுக்கட்டோடும் வந்து இறங்கினார். அதைப் பார்த்ததும் என் சைக்கிள் வாழ்க்கை முடிந்தது என்று எனக்கு உறுதியாகிவிட்டது. ரைட்டர் ஈரச் சட்டையோடு எல்லாவற்றையும் விவரித்தார். பெர்மிட் இல்லாத கள்ளு எவ்வளவு பெரிய குற்றம் என்றும், பெண்பிள்ளை என்பதால் எச்சரித்து விடுவதாகவும் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்து, கும்பிட்டுவிட்டு என்னைக் கூட்டிப் போவார் என்றுதான் நினைத்தேன்.

அப்பா சிரிக்கவில்லை. என் பக்கம் வந்து, சுடிதாரின் கையை மேலே சுருட்டினார். கட்டுத் துணியை மெதுவாகப் பிரித்தார். என் கையைப் பிடித்து ரைட்டரின் மேஜைக்கு மேலே நீட்டினார்.

“தெளிவு கேட்டீங்களாமுங்களே. இதானுங்க தெளிவு. முந்தாநேத்து இடிச்சான், நேத்து இவ இந்தக் கையக் கொண்டாந்து உங்க முன்னால நின்னாளுங்களே. ஏனுங்க சார் பாக்கல?”

வாய்க்கால் மேட்டில் விழுந்தபோது அழாத நான், அப்போது அழுதேன். அப்பா போலீஸ்காரரிடம் குரல் உயர்த்தி நான் பார்த்ததே இல்லை. அன்றும் உயர்த்தவில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை.

ரைட்டர் என் கையைப் பார்த்தார். பிறகு புதுப் பேப்பர் எடுத்து, புகாரை அவரே முதலிலிருந்து எழுதி, படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கி, ரசீது கொடுத்தார். மிச்சக் கள்ளைக் கொல்லைப்புறம் கொட்டினார்கள். பெஞ்சு ஆசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அந்த ரசீது இன்னும் என்னிடம் இருக்கிறது. விசாரணை நடந்துகொண்டிருக்கிறதாம். அதுவாவது அந்த ரோட்டில் பத்திரமாக நடக்கட்டும். எந்த டிரைவரையும் யாரும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆக, பேச்சுப்படி நான் தோற்றேன். மொபட்டில் ஏறினேன்.

இரண்டு நாள் போனோம். அப்போதுதான் அப்பாவுக்கு ஒரு விஷயம் புரிந்தது. கள்ளு வண்டிகள் மொபட்டையும் அதே மாதிரிதான் உரசிக்கொண்டு போயின. ஒன்று எங்கள் புல்லுக்கட்டில் பாதியை உருவிக்கொண்டு போனது. மூன்றாம் நாள் அப்பா மொபட்டை எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை. பச்சைச் சைக்கிளைத் துடைத்து ஏறினேன்.

பாதி தூரம் போயிருப்பேன். பின்னால் ஒரு கள்ளு வண்டியின் சத்தம் கேட்டது. கையை ஒடுக்கிக்கொண்டேன். வண்டி வேகத்தைக் குறைத்தது. எதிர்ப்பக்கத்து ஓரம் வரை விலகி, என்னைச் சுற்றிக்கொண்டு, டிரைவர் ஒரு சலாமும் வைத்துவிட்டுப் போனான். அடுத்த வண்டியும் அப்படியே. எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாயங்காலம் ராசண்ணன்தான் விளக்கினார்.

“ஸ்டேஷன்ல இருந்து வந்த குடிகாரன் ஒவ்வொரு கள்ளு ஷாப்பாப் போயிச் சொல்லியிருக்கானுங்க. பால் சொசைட்டி அம்மிணி கள்ளு புடிக்கற எக்ஸைஸ் டிபார்ட்மெண்டு ஆளாம். சைக்கிள்ல வேவு பாக்கறாங்களாம். கள்ளு சாம்பிள் புடிச்சு, போலீஸ் மேசையிலயே உடைச்சுக் காட்டுனாங்களாம்.”

மறுக்க வேண்டியது என் கடமை. இத்தனை வருடங்களில் ஒரு நாளும் மறுக்கவில்லை. யாராவது கொஞ்சம் நெருங்கி வந்தால், ஒரு காலை ஊன்றி நின்று, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு உள்ளங்கையில் விரலால் நம்பர் எழுதுவேன். கையில் பேனா இல்லை என்பது ஓடுகிற வண்டியிலிருந்து தெரியாது. சட்டப் புத்தகத்தில் என்ன இருக்கிறதோ, எங்கள் ரோட்டில் ஒரு வதந்திதான் டூட்டி பார்க்கிறது.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் யார் எதைப் புகார் சொன்னாலும், சாம்பாரில் உப்பு அதிகம் என்றால்கூட, அம்மா கேட்பது ஒன்றுதான்: “தெளிவு எத்தன லிட்டரு?” அப்பா மட்டும் அந்தக் கேலியில் சேரமாட்டார். அவருக்கு நேரம் இல்லை. காலையில் நான் சைக்கிளை எடுக்கும்வரை காத்திருந்து, பால் கேனும் புல்லுக்கட்டுமாக என் பின்னாலேயே மொபட்டை மெதுவாக ஓட்டிக்கொண்டு வருகிறார். அவரைப் பார்த்து இன்னும் மூன்று மொபட்டுக்காரர்கள் சேர்ந்துவிட்டார்கள். ஏன் இப்படி ஆமை மாதிரி போகிறீர்கள் என்று யாராவது கேட்டால், அப்பா அடக்கமாகப் பதில் சொல்வார்:

“முன்னால எக்ஸைஸ் போவுதுங்க. நாங்கெல்லாம் அதுக்கு மறைவுல போறமுங்க.”