வறட்டி அடுக்குக்குப் பின்னால் நின்ற விருந்தாளி

மஞ்சக்குப்பம், கடலூர்
ஆகஸ்ட் 5, 2010

அன்புள்ள தம்பி மணவாளனுக்கு,

அக்கா அமராவதி எழுதுவது. இங்கே நான் நலம். நீயும் மலர்க்கொடியும் கல்யாணப்பெண் இளமதியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் மாமியார் பட்டம்மாள் அவர்களின் நலத்தைப் பற்றி நான் விசாரிக்கத் தேவையில்லை. நேற்று நீ தொலைபேசியில் பேசும்போது உன் குரலுக்குப் பின்னால் அவர்கள் குரல் நல்ல ஆரோக்கியத்துடன் கேட்டது.

"அக்கா, நலங்குக்கெல்லாம் நீ அலஞ்சி கஷ்டப்படாத. கூட்டம் ஜாஸ்தியா இருக்கும். முகூர்த்தத்தன்னிக்கு நேரா சாப்பாட்டுக்கு வந்துடு, மொத பந்தியில எடம் புடிச்சி வெக்கிறேன்" என்று நீ சொன்னாய். பின்னாலிருந்து அவர்கள், "அவுங்க மனசு நோவாம சொல்லுங்க மாப்ள" என்றார்கள். தம்பி, என் மனசு நோகவில்லை. எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது, அவ்வளவுதான். கணவர் போன பெண் கல்யாணப்பெண்ணின் கன்னத்தில் சந்தனம் வைக்கக் கூடாது என்பதைக் கூட்டத்தின் மேல் பழி போட்டுச் சொல்கிறாய் என்பதும் எனக்குப் புரிகிறது. அதற்குப் பதில் இந்தக் கடிதம். இளமதிக்கு முதல் நலங்கை நான்தான் வைக்கப் போகிறேன். ஏன் என்று கேட்பாய். உட்கார்ந்து நிதானமாகப் படி.

ஜூன் மாதம் நான் துருக்கிக்குப் புறப்பட்டபோது, "அங்க போயி இன்னாத்துக்கு? ஊர்ல எடமா இல்ல? ஸ்ரீமுஷ்ணம் போ, திருவதிகை போ, நானே காரு வெச்சி அனுப்புறேன்" என்று கத்தினாய். திரும்பி வந்ததும் எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஜெர்மனியில் இருக்கும் என் மகள் சுவாதி ஏற்பாடு செய்த பயணம் அது. துருக்கியின் கிழக்கே வான் என்று ஒரு பெரிய ஏரி. அதற்கு மேலே மலையில் குர்து மக்களின் கிராமங்கள். அங்கே ஓட்டல் கிடையாது. ஒரு குடும்பத்தின் வீட்டிலேயே தங்கி, அவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, அவர்கள் வேலையில் பங்கெடுத்து, நாம் கொடுப்பது அந்த வீட்டுக்கே போய்ச் சேரும்படி ஒரு சிறிய அமைப்பு இதை நடத்துகிறது. பொறுப்புள்ள சுற்றுலா என்று பெயர். வெறும் சுற்றுலா என்று போட்டிருந்தால் நான் போயிருக்க மாட்டேன். பொறுப்பு என்ற சொல்லைப் பார்த்துத்தான் சம்மதித்தேன்.

எனக்குக் கிடைத்த வீட்டுக்காரி பெயர் குலே. என் வயது, என்னைவிட ஒரு சாண் உயரம், அடுத்த மலையில் மேயும் ஆட்டைத் தன் வாசலிலிருந்தே அதட்டும் குரல். மகள் பெர்பின் பக்கத்து நகரத்தில் ஆங்கில ஆசிரியை, விடுமுறைக்கு வந்திருந்தாள். எங்கள் இருவருக்கும் நடுவில் பேச்சை மாற்றிச் சொன்னது அவள்தான். அவளுடைய இறந்தகால வினைகளை நான் அவ்வப்போது திருத்திக் கொடுத்தேன். நன்றியுடன் ஏற்றுக்கொண்டாள் என்றே நினைக்கிறேன். போன முதல் நாளே நான் தண்ணீர்க் குடத்தின் மூடியைத் திறந்து பார்த்தேன், மெத்தையைப் புரட்டிப் பார்த்தேன், அலமாரியில் விரலை ஓட்டி விரல் நுனியைப் பார்த்தேன். கான்வென்ட் விடுதியில் மதர் சுப்பீரியர் எங்களை அப்படித்தான் வளர்த்தார்கள், அந்தப் பழக்கம் உயிர் உள்ளவரை போகாது. மறுநாள் விடிந்தால் ஊர் முழுக்கச் சுவருக்கு வெள்ளை அடிக்கிறார்கள்! பக்கத்து வீட்டுக்காரிகள் பிள்ளைகளைக் குளிப்பாட்டித் தலை வாரி என் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். ஒருத்தி கன்றுக்குட்டியையும் கழுவிக் கூட்டி வந்தாள். அமைப்பின் தலைமையகத்திலிருந்து சோதனைக்கு வந்த பெரிய அதிகாரி நான் என்று ஊருக்குள் பேச்சாம். பெர்பின் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். நான் மறுக்கவில்லை. சுத்தம் நல்லதுதானே.

வேலையில் பங்கெடுக்க வேண்டும் என்பது அமைப்பின் விதி, விதி என்றால் எனக்கு விதிதான். ஆனால் குலேவோ விருந்தாளி வேலை செய்தால் அந்த வீட்டுக்கு மானக்கேடு என்கிறவள். தட்டைக் கழுவப் போனால் பிடுங்கிக்கொள்வாள், மாவு பிசைய உட்கார்ந்தால் கையைத் துடைத்துவிட்டு எழுப்பிவிடுவாள். சரி என்று ஒருநாள் விடியற்காலையில் அவளுக்கு முன்பே எழுந்து துடைப்பத்தை எடுத்து வாசலைப் பெருக்க ஆரம்பித்தேன். சத்தம் கேட்டு ஓடி வந்தவள் துடைப்பத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். அவள் தன் மொழியில் ஏதோ சொல்ல, நான், "வுடுங்கம்மா, ஒரு வாசலப் பெருக்கிட்டா கொறஞ்சா பூடுவீங்க?" என்று சொல்ல, இரண்டு கிழவிகளும் வாசல் நடுவே இழுபறி. நான் விடவில்லை. அவளும் விடவில்லை. துடைப்பம்தான் விட்டுக்கொடுத்தது, இரண்டாக உடைந்தது. கடைசியில் சமாதானமாக எனக்குத் தயிர் கடையும் வேலையைக் கொடுத்தாள். அங்கே மத்து இல்லை. ஆட்டுத்தோல் பையில் தயிரை ஊற்றி, மூன்று கழிகளை முட்டுக் கொடுத்து அதில் தொங்கவிட்டு, தூளி ஆட்டுவது போல ஆட்ட வேண்டும். நான் ஆட்டிய வேகத்தில் பையின் வாய்க்கட்டு அவிழ்ந்து, மோர் பாதிக்கு மேல் என் தலையில். மிஞ்சியதைத் தேற்றி, இங்கிருந்து கொண்டுபோன பெருங்காயமும் பச்சைமிளகாயும் உப்பும் போட்டு நம் ஊர் மோராகக் கரைத்துக் கொடுத்தேன். குலே ஒரே மூச்சில் குடித்தாள். கண் சிவந்தது, மூக்கு சிவந்தது, சற்று நேரம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டம்ளரை மறுபடி நீட்டினாள். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதிகள்.

இனிமேல்தான் விஷயம். நான் இருந்த சமயத்தில் குலேவின் அண்ணன் மகனுக்குக் கல்யாணம், அடுத்த வீட்டில்தான். மேளமும் குழலும் காலையிலிருந்தே காதைப் பிளந்தன. அவர்கள் வழக்கம் எப்படி என்றால், பெண் வந்து இறங்கும்போது மாப்பிள்ளை தன் வீட்டுக் கூரை மேல் ஏறி நின்று ஓர் ஆப்பிளை அவள் பக்கம் எறிய வேண்டும். ஊரே முற்றத்தில் கூடி நிற்க, தூரத்தில் இருந்து வந்த விருந்தாளி என்று எனக்கு வாசலுக்கு நேராக நாற்காலி போட்டிருந்தார்கள். பெண் வரும் வண்டி திருப்பத்தில் தெரிந்தது. உடனே என் கால்கள் என்னைக் கேட்காமலே எழுந்து பின்பக்கம் நடந்தன. மணவாளா, நான் படித்தவள், இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனால் உன் மச்சான் போன நாளிலிருந்து எந்தக் கல்யாணத்திலும், யாரும் சொல்லும் முன்பே, நானே ஒரு தூணாகப் பார்த்து ஒதுங்கிக்கொள்கிறேன். ஒருவரும் வாய் திறந்து சொல்லும்படி வைத்துக்கொள்வதில்லை என்று அதில் ஒரு பெருமை வேறு. அந்த வீட்டில் தூண் இல்லை. குளிருக்கு எரிக்க வறட்டி தட்டி ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள், நம் புவனகிரிப் பக்கம் அடுக்குவது போலவே. அதன் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

மேளம் நின்றது. குழல்காரர் மூச்சு வாங்குகிறார் என்று நினைத்தேன். மேளம் திரும்ப ஆரம்பிக்கவில்லை. கூச்சல்தான் கிளம்பியது. காலி நாற்காலியைக் குலே பார்த்துவிட்டாள். விருந்தாளி முகம் கோணி எழுந்து போய்விட்டால் அந்த ஊரில் அது சாதாரண விஷயமில்லை. நாற்காலி ஆடியதா, தேநீர் ஆறிப்போனதா, யார் என்ன சொன்னது என்று பெண்கள் ஒருவரை ஒருவர் குடைந்தெடுக்க, பெண்ணை வண்டியிலேயே உட்கார வைத்துவிட்டு ஆண்கள் கிணற்றுப் பக்கம் ஓட, கூரை மேல் நின்ற மாப்பிள்ளையிடம் "மேலேந்து பாரு" என்று கத்தினார்களாம். அவர்தான் என் புடவைத் தலைப்பைக் கண்டுபிடித்தார். ஆப்பிள் பிடித்த கையாலேயே என்னைச் சுட்டிக் காட்டினார். கெட்ட சகுனம் வேண்டாம் என்று ஒளிந்தவளால் ஒரு கல்யாணமே நின்றுபோயிருந்தது.

குலே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றாள். பெர்பின் மூச்சிரைக்க, ஏன் இங்கே என்று கேட்டாள். நான் நல்ல ஆங்கிலத்தில், "நான் விதவை. மணப்பெண் முதலில் என் முகத்தில் விழிக்கக் கூடாது" என்றேன். பெர்பின் என்னை இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொன்னாள். ஆங்கிலம் புரியாமல் அல்ல. பிறகு தாயிடம் சொன்னாள். குலே சொன்ன பதிலை நம் ஊர்ப் பேச்சில் எழுதினால்தான் அந்தச் சூடு வரும்.

"நானும் புருசன் போனவதான்! பொண்ணு கேக்கப் போனது நானு, ஆடு புடிச்சாந்தது நானு, இத்தினி பேருக்கும் ரொட்டி சுட்டது நானு. இந்த ஊர்ல புருசன் போனவங்கள எல்லாம் ஒளிச்சி வெக்கணும்னா இந்த வறட்டி பத்தாதுடி, இன்னும் நாலு மாடு வாங்கணும்!"

பெர்பின் அதை ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கும் முன்பே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குலேவுக்கு வரவில்லை. துடைப்பத்தைப் பிடித்த அதே பிடியில் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், நாற்காலிக்கும் முன்னால், வாசலுக்கு நேராக நிறுத்தினாள். பெண் இறங்கினாள். முதலில் பார்த்தது என்னைத்தான். இளமதி வயதுதான் இருக்கும். அவள் நேராக வந்து குனிந்து, என் கையை எடுத்து முத்தமிட்டு, தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். நாம் பெரியவர்கள் காலில் விழுவதற்கு அவர்கள் வழக்கம் அது. அந்த நெற்றி என் கையில் பட்டபோது எனக்கு என்ன ஆயிற்று என்று எழுத மாட்டேன், எழுதினால் நீ மலர்க்கொடிக்குப் படித்துக் காட்டுவாய். நல்லவேளையாக மாப்பிள்ளை அப்போது ஆப்பிளை எறிந்தார். குறி தவறி என் தோளில் பட்டது. ஊரே கைதட்டியது. அதன் பிறகு சுண்டுவிரலோடு சுண்டுவிரல் கோத்து வரிசையாக ஆடினார்கள். நானும் ஒரு சுற்று ஆடினேன். படம் எதுவும் எடுக்கவில்லை என்று பெர்பின் வாக்குக் கொடுத்திருக்கிறாள். போன வாரம் அவளிடமிருந்து தகவல் வந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் சௌக்கியம், மாமியாரோடு அளவான சண்டை. என் முகம் யாரையும் ஒன்றும் செய்துவிடவில்லை.

ஆகவே தம்பி, வருகிற ஆவணியில் சிதம்பரத்தில் நடக்கும் இளமதி கல்யாணத்தில் நான் தூண் தேடப் போவதில்லை. முந்தின நாளே மண்டபத்துக்கு வந்துவிடுவேன். எழுத்துக்கூட்டிப் படிக்கும் காலத்திலிருந்து விடுமுறைதோறும் என்னிடம் ஆங்கிலம் கற்ற குழந்தைக்கு முதல் நலங்கை நான் வைப்பேன். பட்டம்மாள் அவர்களுக்கு அதைப் பார்க்கப் பயமாக இருந்தால் அந்த நேரம் அவர்கள் தூணுக்குப் பின்னால் நிற்கலாம், நல்ல அகலமான தூண்கள். மற்றபடி என்னால் உனக்கு ஒரு தொல்லையும் இருக்காது. தனியாக வருவேன். சந்தனம் தொட்டு வைப்பேன், மேடையை விட்டு இறங்குவேன், முன் வரிசையில் உட்காருவேன். ஆட்டம் இல்லை, வெளிநாட்டுக் கதை இல்லை, யாரிடமும் வாக்குவாதம் இல்லை. சமையற்கட்டுப் பக்கம்கூடப் போக மாட்டேன். முதல் நலங்கு ஒன்றுதான் நான் கேட்பது, அதை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இளமதி நூறாண்டு மகிழ்ந்திருக்க என் மனமார்ந்த ஆசி. மலர்க்கொடிக்கு அன்பு. மாமியாருக்கு வணக்கம், உரத்த குரலில்.

இப்படிக்கு, உன் நலம் நாடும்
அக்கா அமராவதி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் பெர்பின் தொலைபேசியில் அழைத்தாள். வீட்டில் விருந்தாளிகளைத் தங்கவைக்கும் பெண்களைக் கேரளத்துக்கு அழைத்து வந்து அங்குள்ள வீடுகளைக் காட்டப் போகிறதாம் அந்த அமைப்பு. அதில் குலேவும் வருகிறாள். அது முடிந்ததும் தாயும் மகளும் ரயிலேறி என் வீட்டில் வந்து தங்குகிறார்கள், சரியாகக் கல்யாண வாரத்தில். ஆகவே தனியாக வருவேன் என்று எழுதியதை அடித்துவிடு. ஆட்டம் இல்லை என்பதையும் அடித்துவிடு, நாதஸ்வரக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. ரொட்டி சுடாமல் அவள் ஒரு கல்யாணத்தில் கை கட்டி உட்கார மாட்டாள், சமையல்காரரிடமும் சொல்லிவிடு. ஒரு விதவைக்கே உன் வீட்டில் அவ்வளவு யோசனை, இப்போது இரண்டு பேர் வருகிறோம். முக்கியமாக ஒன்று. வீட்டுக்கு வந்த விருந்தாளி இருக்கும்போது நான் முந்திக்கொள்வது முறையல்ல. எனவே இளமதிக்கு முதல் நலங்கு வைக்கப் போவது நான் இல்லை, குலே. இரண்டாவது நான். மூன்றாவதாக, மனசு நோகாமல் கேட்டுப் பார், பட்டம்மாள் அவர்கள் வைக்கட்டும்.