வாடாத முட்டைக்கோஸ்

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் நலம். அங்கே நீ, உன் வீட்டுக்காரர், கல்யாணப்பெண் எல்லோரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் ஃபிரிட்ஜும் நலம். அதை ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகப் புரியும். பதறாத காரியம் சிதறாது. ஆகவே உட்கார்ந்து படி.

ஞாயிற்றுக்கிழமை நெக்லஸை வாங்கிக்கொள்ள வருவதாக எழுதியிருந்தாய். மகள் கல்யாணத்தில் நீ போட்டுக்கொள்ள வேண்டிய நெக்லஸ். என்னிடம் கொடுக்கும்போது, "கண்ணு மாதிரி பாத்துக்கோண்ணே" என்றாய். பார்த்துக்கொண்டேன். காலமெல்லாம் பூட்டு விற்றவன் நான். பூட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: பூட்டைப் பார்த்த பிறகுதான் திருடனுக்கே உள்ளே ஏதோ இருக்கிறது என்று தெரிகிறது. அதனால் ரகசியப் பெட்டி ஒன்று வாங்கினேன். பார்த்தால் அசல் முட்டைக்கோஸ். இலை நரம்பு, காம்பில் மண் கறை, எல்லாம் உண்டு. அடியில் திருகினால் திறக்கும். நெக்லஸைப் பஞ்சில் சுற்றி உள்ளே வைத்து, ஃபிரிட்ஜில் காய்கறித் தட்டில் உட்கார வைத்தேன். உன் அண்ணியிடம் மூச்சு விடவில்லை. எனக்குக் கோஸ் ஆகாது, அதனால் அவள் அதில் கத்தி வைக்க மாட்டாள் என்பது என் கணக்கு. எந்தத் திருடன் கோஸ் திருட வருவான், சொல்லு?

திருடன் வரவில்லை. உன் அண்ணி வந்தாள். ஒரு நாள் சாப்பிடும்போது, "தக்காளி பிரமாதமா இருக்கே" என்றேன். "இருக்காதா பின்னே? ஃபிரிட்ஜுல ஒரு கோஸ் ஒரு மாசமா கெடந்துச்சே, பாத்தீங்களா? ஒரு இலை வாடலை! என்ன கருமத்தை அடிச்சு வளக்குறாங்களோ! வண்டிக்காரர்கிட்ட கொண்டுபோய்ச் சண்டை போட்டுத் திருப்பிக் குடுத்துட்டு, அதுக்குப் பதிலா தக்காளி வாங்கிட்டு வந்தேன்" என்றாள். ஐயோ தங்கச்சி! உன் நெக்லஸை நான் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

கை கழுவாமல் ஓடினேன். தெருமுனையில் காய்கறி வண்டி. குவியலின் உச்சியில், ஊரே பார்க்க, நம்ம கோஸ்! மேலே தண்ணீர் வேறு தெளித்து வைத்திருக்கிறார் மகராசன். விலை கேட்டேன். "அது விக்கிறதுக்கில்ல சார். மத்ததெல்லாம் மத்தியானமே தலை தொங்கிடுது. இது ஒண்ணுதான் அப்பப் பறிச்ச மாதிரி நிக்குது. இதைப் பாத்துத்தான் சனம் வண்டிகிட்டயே வருது" என்றார். உள்ளே இருப்பதைச் சொல்ல முடியுமா? திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். தினமும் போய்க் காவலுக்கு நின்றேன். சும்மா நிற்க முடியுமா? கேரட், பீன்ஸ், பீட்ரூட் என்று வாங்கித் தொலைத்தேன். இப்போது வீட்டில் உட்கார இடமில்லை. "உங்களுக்குப் புத்தி கித்தி பெசகிடுச்சா?" என்கிறாள் உன் அண்ணி. அவளுக்கு என்ன தெரியும், பாவம்.

இன்று காலைதான் என் விற்பனை மூளை வேலை செய்தது. வேண்டாதவன் போல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடையைக் கட்டினேன். உடனே அவர், "சரி வாங்க சார், உங்க மூஞ்சியப் பாத்தா பாவமா இருக்கு" என்று கூப்பிட்டு, வண்டிக்கு அடியில் குனிந்து, தாளில் சுற்றிக் கையில் கொடுத்துவிட்டார். அதுவும் சாதாரண கோஸ் விலைக்கு! நம்மிடம் யார் ஜெயிக்க முடியும்? இதோ, எழுதுகிற மேஜையில், ஜன்னலோரம் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. என்ன வேலைப்பாடு தெரியுமா! எவ்வளவு திருகியும் மூடி திறக்க மாட்டேன் என்கிறது. கோஸ் வாசனைகூட வருகிறது. ஆகவே நீ நிம்மதியாக வா.

உன் வீட்டுக்காரருக்கு என் அன்பைச் சொல். கல்யாணப்பெண் மனம்போல் வாழட்டும். வரும்போது பெரிய பையாக நாலு கொண்டுவா, கேரட் தருகிறேன்.

உன் பொருளைக் கண்ணாகக் காத்த
அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டப் போனேன். மத்தியான வெயில் கோஸ்மேல் விழுந்திருக்கிறது. மேல் இலை இரண்டும் தலை தொங்கிவிட்டன. ஜன்னலுக்குக் கீழே வண்டி நிற்கிறது. குவியலின் உச்சியில் ஒன்று அப்போதுதான் பறித்த மாதிரி நிற்கிறது. எதிர்வீட்டு டாக்டரம்மா, "இதுதான் வேணும்" என்று அதைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவசரப்பட்டு வர வேண்டாம். ஓடுகிறேன்.