உடையப்பனின் பிஸ்கட் டின் நிலையம்

வானொலிக் கருவி எதுவாயினும் அனுமதி பெற்ற பின்னரே இயக்கப்பட வேண்டும் என்பது அரசாங்க நியதி. ஆகவே 1983-ல், ஈப்போ உடையப்பன் ஒரு பிஸ்கட் டின்னுக்கு மனு எழுத வேண்டியதாயிற்று.

உடையப்பனுக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆசைதான். எண்பது கிலோமீட்டர் தள்ளித் தெலுக் இந்தானில் இருக்கும் சிநேகிதன் சீனியோடு, தன் கையால் செய்த ரேடியோவில் ரெண்டு வார்த்தை பேசிவிட வேண்டும். லைசென்ஸுக்கு மனு போட்டு ஆறு வருஷம். ஒருநாள் ஆசை பொறுக்காமல் ஏரியல் மாட்டிச் சும்மா சோதித்துப் பார்த்தான். பக்கத்து வீட்டு மாரியம்மாவின் டிவியில் தமிழ்ப்படம் கோடு கோடாய்ப் போயிற்று. அந்தம்மா விளக்குமாற்றோடு வந்துவிட்டாள்.

அதன் பிறகுதான் டம்மி லோட் செய்தான். பிஸ்கட் டின்னுக்குள் இருபது ரெசிஸ்டர், மூழ்க மூழ்கச் செம்பனை எண்ணெய். ஏரியலுக்குப் பதில் இதை மாட்டினால் அவ்வளவு சக்தியும் டின்னுக்குள்ளேயே சூடாகி அடங்கிவிடும். மாரியம்மா நிம்மதியாகப் படம் பார்த்தாள்.

அந்த டின்னுக்கும் அனுமதி வேண்டும் என்றது வானொலி இலாகா; மனு எழுதினான். இலாகா அதிகாரி பக்கீர் முகம்மது நேரில் வந்து டின்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இது எவ்வளவு தூரம் போகும்?"

"எங்கயும் போகாது துவான். அதுக்குத்தான் செஞ்சது."

"பாரத்துல தூரம் கேட்டிருக்கே."

"சைபர் போடுங்க."

"சைபருக்குக் கட்டம் இல்லையே! மூணு ஊர்ல கேட்டுப் பார்த்துட்டுத்தான் எழுதணும். இந்த ஃபைல் முடியாம உங்க ரேடியோ நிலையத்து ஃபைல் நகராது."

குறித்த நாளில் உடையப்பன் டின்னைப் பார்த்து, "ஹலோ, ஹலோ" என்று ஒரு மணி நேரம் கத்தினான். தாப்பாவில் குந்தியிருந்த இலாகா குமாஸ்தாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. சுங்காயிலும் கேட்கவில்லை. உடையப்பனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். தெலுக் இந்தானுக்கு மட்டும் பக்கீர் முகம்மது தாமே போய், சீனியின் ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"எனக்கு ஒன்னும் கேக்கல. உங்களுக்குக் கேட்டுச்சா?"

"ரொம்ப கிளியர் துவான்!" என்றான் சீனி.

ஒரே வாரத்தில் லைசென்ஸ் வந்தது. நிலையம்: பிஸ்கட் டின், எண்ணெய் உட்பட. தூரம்: எண்பது கிலோமீட்டர். வீட்டுக்கு ஒரு நிலையம்தான் என்பதால், ஆறு வருஷத்து மனு தள்ளுபடி செய்யப்பட்டிருந்தது. தினமும் அரை மணி நேரம் டின்னில் பேசாவிட்டால் லைசென்ஸ் ரத்து; பிறகு மனுவே போட முடியாது.

உடையப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. சீனிக்குப் போன் போட்டான்.

"டேய், என் வாயில மண்ணப் போட்டுட்டியேடா!"

"அவரு அவ்வளவு தூரம் வந்திருக்காரு. மூஞ்சிக்கு நேரா கேக்கலன்னு எப்படி மச்சான் சொல்றது? மரியாதையா இருக்குமா லா?"

வேறு வழி? உடையப்பன் தினமும் சாயந்தரம் டின்னோடு பேசினான். 'தங்கள் ஒலிபரப்பு தெளிவாகக் கேட்டது' என்று சீனி கார்டு போட்டான். தெலுக் இந்தானுக்குக் கேட்கிறதாம், நமக்கென்ன காது இல்லையா என்று தாப்பாக்காரர்களும் கார்டு போட்டார்கள். சுங்காய்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? பாட்டு விருப்பமே கேட்டு எழுதினார்கள். வீட்டுக்கு வீடு ஷோகேஸில், எண்ணெய் ஊற்றிய டின் ஒன்று ஏறியது. அது இல்லாத வீட்டில் பெண் கொடுக்க யோசித்தார்கள்.

இந்த வெற்றியைக் கண்ட இலாகா, தன் அறிவிப்புகளையும் அதிகாரிகளின் உரைகளையும் டின் வழியாகவே ஒலிபரப்ப ஆரம்பித்தது. இலாகா சரித்திரத்திலேயே முதல் தடவையாக ஒரு புகார்கூட வரவில்லை.

வருஷம் முடிந்து, லைசென்ஸைப் புதுப்பிக்க உடையப்பன் ஆபீசுக்குப் போனான். உண்மையைப் போட்டு உடைத்துவிடுவது என்று முடிவு கட்டித்தான் போயிருந்தான். பக்கீர் முகம்மது ரப்பர் சீலைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்:

"நேத்து என் உரை எப்படி இருந்துச்சு?"

உடையப்பன் சீலைப் பார்த்தான்.

"ரொம்ப கிளியர் துவான்."

சீல் விழுந்தது. அதிகாரி அன்போடு சிரித்தார்.

"நானும் உங்க பேச்ச ஒருநாள் விடாம கேக்குறேன்."