வாழையடிக்குளத்துக்குப் போன பன்னிரண்டு பேர்

ஞாயிற்றுக்கிழமைக்குப் பன்னிரண்டு இளைஞர்கள் வேண்டும் என்று பங்குச் சாமியார் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தபோது உபதேசியார் சூசைமிக்கேலிடம் தேறியது மூன்று பேர். அதில் ஒருவனுக்குப் பொன்னுக்கு வீங்கி.

அருமைநாயகம் சாமியார் பேட்டைப் பங்குக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பாளையங்கோட்டையில் நடந்த ஏதோ கூட்டத்துக்குப் போய்விட்டு, முகமெல்லாம் வெளிச்சமாகத் திரும்பி வந்தார். இனிமேல் மறைத்தூதுப் பணி பெரியவர்கள் வேலை இல்லை, இளைஞர்கள் வேலை. சேசுநாதர் சீடர்களை அனுப்பியது போல இருவர் இருவராகக் கிராமத்துக்குப் போக வேண்டும். கோயிலை மறந்துபோன கத்தோலிக்கர் வீடுகளில் போய் உட்கார வேண்டும். பிரசங்கம் கூடாது. அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும், கையால் ஆன வேலை செய்து கொடுக்க வேண்டும், கடைசியில் சேர்ந்து ஜெபிக்க வேண்டும்.

"நீங்க பேசவே வேண்டாம் உபதேசியாரே. பையன்களைக் கூட்டிட்டு மட்டும் வாங்க" என்றார்.

பேசுவதில் சூசைமிக்கேலுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. கூட்டிக்கொண்டு வருவதுதான் கஷ்டம்.

இதற்கு முன்பிருந்த சாமியார்கள் ஒவ்வொருவரும் ஒரு புது முறையோடுதான் வந்தார்கள். ஒருவர் பொம்மலாட்டம் போட்டார். ஒருவர் சுவரில் படம் காட்டும் மெஷின் வாங்கினார். ஒருவர் மாதாவை வைத்துக்கொண்டு சைக்கிள் ஊர்வலம் விட்டார். பொம்மைகளும் மெஷினும் கோயில் பரணில் கிடந்தன. சைக்கிள் ஊர்வலம் சூசைமிக்கேலின் இடது முழங்காலில் கிடந்தது.

ஆனாலும் இந்தமுறை முடியாது என்று சொல்லும் நிலையில் அவர் இல்லை. உங்களுக்கு அலைச்சல் அதிகமாக இருந்தால் சொல்லுங்கள், பயிற்சி முடித்த இளைஞர் ஒருவர் இருக்கிறார் என்று சாமியார் மிகவும் அன்பாகச் சொல்லியிருந்தார். அந்த அன்புதான் அவருக்குப் பயமாக இருந்தது. குடியிருக்கும் வீடு உபதேசியார் வேலையோடு சேர்ந்தது. வேலை போனால், இந்த வயதில் மனைவி திரேசம்மாளையும் அவள் வளர்க்கும் கோழிகளையும் கூட்டிக்கொண்டு எங்கே போவது என்று அவருக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை காலையிலேயே வீடு வீடாக ஏறி இறங்கினார். ஒருவனுக்கு ஷிப்ட். ஒருவன் படத்துக்குப் போகிறான். ஒருவன் கட்டிலில் இருந்தபடியே டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், மேட்ச் இருக்கிறது என்றான். தாய்மார்கள் எல்லோரும் காப்பி கொடுத்தார்கள், பிள்ளைகளைக் கொடுக்கவில்லை. ஐந்தாவது காப்பிக்குப் பிறகு, தேறியிருந்த இருவரில் ஒருவனான ரெக்ஸ்லினிடம் வாய் தவறி ஒன்றைச் சொல்லிவிட்டார். வேலை முடிந்ததும் அந்த ஊர்ப் பையன்களோடு வாலிபால் மேட்ச் உண்டு.

சாயங்காலம் வாசலில் ஒரு கூட்டமே நின்றது. எல்லாம் தொழிற்பேட்டையில் லேத்துப் பட்டறை, வெல்டிங் பட்டறை என்று வேலை பார்க்கும் பையன்கள். மொத்த வாலிபால் டீமும் வந்திருந்தது. சூசைமிக்கேலுக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கலங்கிய கண் காய்ந்துவிட்டது. ரெக்ஸ்லினும், தேறியிருந்த இன்னொருவனான ததேயுவும் தவிர அதில் ஞானஸ்நானம் வாங்கிய வேதக்காரப் பையன் ஒருவனும் இல்லை.

டீமின் கேப்டன் சொரிமுத்து லேத்தில் வேலை பார்ப்பவன். பத்து வயதிலிருந்து அவரைத் தெரியும் என்பதால் உரிமையோடு பேசினான். "என்ன அண்ணாச்சி பாக்கிய. ஊருக்குள்ள போயி நாலு பேருக்கு ஒத்தாச செய்யணும், பெறவு வெளையாடணும். அம்புட்டுதான? நாங்க செய்ய மாட்டமா?"

இது கோயில் காரியம் என்று சூசைமிக்கேல் பைய எடுத்துச் சொன்னார். பையன்களின் முகம் சுருங்கிப்போனது. டீம் வராவிட்டால் தாங்களும் வரவில்லை என்று ரெக்ஸ்லினும் ததேயுவும் சொல்லிவிட்டார்கள். இப்போது அவரிடம் பொன்னுக்கு வீங்கி மட்டும்தான் மிச்சம்.

அவர் ஒவ்வொருவராக எண்ணினார். சரியாகப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். சாமியாருக்கு இன்னும் எந்தப் பையனின் முகமும் தெரியாது. கோயிலுக்கு வந்தால்தானே தெரிவதற்கு?

"காலைல நெத்தியில ஒண்ணும் இல்லாம வாங்கலே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இனி மேட்ச் ஒன்று பாக்கி. வாழையடிக்குளம் பத்தமடையைத் தாண்டி, ஆற்றுக் கால்வாய் ஓரமாக இருக்கும் சின்ன ஊர். முழங்கால் கெட்டதிலிருந்து சூசைமிக்கேல் அந்தப் பக்கம் போகவில்லை. அங்கே ஒரு சின்னக் கோயில் உண்டு. சாவி கோயில்பிள்ளை வியாகுலத்திடம் இருக்கும். விளக்கேற்றி, மணி அடித்து, பெருக்குகிற மனுசன். அந்த வழியாகப் போகும் கண்டக்டரிடம் வியாகுலத்துக்குத் தகவல் சொல்லி அனுப்பினார். நாளைக்குப் புதுச் சாமியாரே நேரில் வருகிறார். எல்லா வீட்டிலும் ஆட்கள் இருக்க வேண்டும். வாலிபால் ஆட ஆறு பேர் வேண்டும். இது போதாது என்று தோன்றவே, ஆள் இல்லாத கோயில்களை மூடிவிட மேலிடத்தில் யோசிக்கிறார்கள் என்றும் சேர்த்துச் சொல்லச் சொன்னார். அப்படி யாரும் யோசிக்கவில்லை. வியாகுலம் கொஞ்சம் சுறுசுறுப்பாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார்.

ஞாயிறு காலைப் பூசை முடிந்து வேன் கிளம்பியது. சாமியார் முன்சீட்டில் இருந்து திரும்பி, ஒவ்வொருவர் பெயராகக் கேட்டுக்கொண்டு வந்தார். இதை சூசைமிக்கேல் எதிர்பார்த்திருக்கவில்லை.

"சொரி..." என்று ஆரம்பித்தான் சொரிமுத்து.

"சவரிமுத்து, சாமி" என்றார் உபதேசியார். "பயலுக்கு நாக்கு கொஞ்சம் குழறும்."

அடுத்தவன் "பெருமா..." என்றதும் அவனை பெலிக்ஸ்ராஜ் ஆக்கினார். மகேஷை மத்தேயுவாக்கினார். கணேஷ்ராமுக்கு வந்தபோது அவருக்குச் சரக்குத் தீர்ந்துபோய், இன்னொரு மத்தேயு என்று சொல்லிவிட்டார். ரெக்ஸ்லினும் ததேயுவும் போக, பெயர் கேட்டபோது அவர் பதறாமல் இருந்தது வேனை ஓட்டிய முகம்மது மைதீனின் பெயருக்கு மட்டும்தான்.

சுத்தமல்லி தாண்டியதும் யாராவது ஒரு ஜெபம் சொல்லலாமே என்றார் சாமியார். ரெக்ஸ்லின் தொடங்கி, பாதியில் திக்கி நின்றான். ததேயு ஜன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்தான். சொரிமுத்துதான் "அருள் நிறைந்த மரியே" என்று எடுத்து, கடைசி ஆமென் வரை தட்டாமல் சொல்லி முடித்தான். சாமியார்கள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் படித்தவன். தினமும் காலையில் அசெம்பிளியில் சொன்னது உள்ளே அப்படியே கிடந்தது.

சாமியார் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சவரிமுத்துதான் இனி இந்தக் குழுவுக்குத் தலைவர் என்று அறிவித்தார். பையன்கள் கை தட்டினார்கள். சூசைமிக்கேல் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

வாழையடிக்குளத்தில் வேன் நின்றதும் அவருக்கே ஆச்சரியமாகிவிட்டது. ஊரே திரண்டு நின்றது. பெண்கள் முக்காடு போட்டிருந்தார்கள். வீட்டு வாசல்கள் எல்லாம் தெளித்துக் கிடந்தன. வியாகுலம் மட்டும் வியர்த்து வழிந்துகொண்டு, சாமியாருக்கு மாலை போட்டார்.

பையன்கள் இருவர் இருவராகப் பிரிந்து போனார்கள். சாமியாரும் உபதேசியாரும் பின்னால் நடந்தார்கள். முதல் வீட்டில் இருந்த பெரியவர் சாமியாரைக் கண்டதும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். சிலுவை போடச் சொன்னபோது நெஞ்சில் தொடங்கி நெற்றியில் முடித்தார். பெருமாள்ராஜ் அவர் கையைப் பிடித்து, இப்படி இல்லை தாத்தா, மேலே இருந்து கீழே என்று சொல்லிக் கொடுத்தான்.

வெளியே வந்ததும் சாமியார் தெருவிலேயே நின்றுவிட்டார். "சிலுவை போடக்கூட மறந்துட்டாங்க உபதேசியாரே. எத்தனை வருஷமா இவங்களைத் திரும்பிப் பார்க்காம விட்டிருக்கோம்."

நான்கு வருடமாக அங்கே வராதவர் சூசைமிக்கேல்தான். இத்தனை பேர் இந்த ஊரில் இருந்தார்கள் என்பதே அவருக்கு நினைவில்லை. அந்த நினைவு இல்லாமல் போனதுதான் அவரை இன்னும் சோர்வாக்கியது.

அடுத்த வீட்டில் ஒரு நடுவயது அம்மாள் சொரிமுத்துவைப் பிடித்து உட்கார வைத்திருந்தாள். அவளை மரியவடிவு என்று வியாகுலம் அவசரமாக அறிமுகப்படுத்தினார். ஒரே மகன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனவன், பொங்கலுக்கும் வரவில்லை. போன் செய்ய வேண்டுமென்றால் பத்தமடைக்குப் போக வேண்டும், எண்ணைச் சுற்றத் தெரியாது, போனாலும் அந்தப் பக்கம் யாரோ எடுத்து ஏதோ சொல்லி வைத்துவிடுகிறார்கள். இதையெல்லாம் அவள் சொல்லச் சொல்ல, சொரிமுத்து வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான். சாமியார் சொல்லியிருந்தபடியேதான் செய்தான்.

கடைசியில், "எங்க பட்டறைக்குச் சரக்கு ஏத்திட்டு மாசம் ரெண்டு தடவ திருப்பூருக்கு லாரி போவுது. நானே அதுல போயி ஒம்ம மவனப் பாத்துட்டு வாரேன்" என்றான்.

அந்த அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். சாமியாரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெளியே, இரண்டு மத்தேயுக்களும் ஊர் அடிபம்பைப் பிரித்துப் போட்டுச் சரிசெய்துகொண்டிருந்தார்கள்.

மத்தியானம் மேட்ச் நடந்தது. எதிர் டீமில் ஆறு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அதில் இருவருக்குப் பேரப்பிள்ளைகள் உண்டு. பேட்டை டீம் பந்தைப் பைய, கைக்கு வாகாகத் தூக்கிப் போட்டு, ஒருவழியாகத் தோற்றது. இதைவிடப் பெரிய தாழ்மை கிடையாது என்று சாமியார் சூசைமிக்கேலின் காதில் சொன்னார்.

பிறகு கோயிலில் ஜெபம். உட்கார இடமில்லை. சொரிமுத்து சொல்லிக் கொடுக்க, ஊர் திருப்பிச் சொன்னது. சாமியார் எழுந்து நின்றார். இனி மாதம் ஒருமுறை இந்தக் கோயிலில் பூசை உண்டு என்றார். இந்தப் பன்னிரண்டு பேரும் அடுத்த மாதம் பாளையங்கோட்டையில் மற்ற பங்கு இளைஞர்களுக்கு முன்னால் நிற்க வேண்டும் என்றார். சவரிமுத்துவைப் பற்றி ஆயரிடமே பேசப்போவதாகவும், சாமியாராகப் படிக்கும் குருமடத்தில் இப்படிப்பட்டவர்கள்தான் வேண்டும் என்றும் சொன்னார்.

சொரிமுத்து திரும்பி உபதேசியாரைப் பார்த்தான். வருகிற ஆவணியில் அவனுக்குக் கல்யாணம். மாமன் மகள் தேன்மொழியை நிச்சயம் செய்திருந்தது.

கூட்டம் கலைந்ததும் சூசைமிக்கேல் சாமியாரைக் கோயிலின் பக்கவாட்டுக்கு அழைத்துப் போனார். அவரால் இனிமேல் சுமக்க முடியவில்லை. சவரிமுத்து சொரிமுத்து என்பதில் ஆரம்பித்து, பெலிக்ஸ்ராஜ், இரண்டு மத்தேயு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ரெக்ஸ்லினும் ததேயுவும் மட்டும் உண்மை என்றார். அடுத்த வாரமே வீட்டைக் காலி செய்கிறேன், அந்தப் பையன்களை மட்டும் ஒன்றும் சொல்லாதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டார். சொல்லி முடித்ததும் கால் வலிக்கவே படியில் உட்கார்ந்துவிட்டார்.

காலையில் போட்ட மாலை சாமியாரின் கழுத்தில் வாடிப்போயிருந்தது. அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் களைத்திருப்பதை சூசைமிக்கேல் அன்றைக்குத்தான் பார்த்தார்.

"பையன்கள் நல்ல பையன்கள்" என்றார் சாமியார்.

"ஆமா சாமி."

"வீட்டைக் காலி பண்ண வேண்டாம். இப்படி ஒரு பாவம் பண்ண எவ்வளவு அலைஞ்சிருப்பீங்கன்னு தெரியுது." பெருமூச்சு விட்டார். "சரி, போன பன்னிரண்டு பேர் நம்ம ஆட்கள் இல்ல. ஆனா இந்த ஊர் ஜனங்க நம்ம ஜனங்க. அவங்க இன்னைக்குத் திரும்ப வந்தாங்க இல்லையா? எனக்கு அது போதும்."

சூசைமிக்கேலுக்கு முதல் முறையாக மூச்சு சீராக வந்தது. அப்போது கோயில் வாசலைப் பூட்டிக்கொண்டிருந்த வியாகுலத்திடம் மரியவடிவு வந்து நின்றாள். முக்காட்டை எடுத்துவிட்டிருந்தாள். பக்கவாட்டில் இருவர் உட்கார்ந்திருப்பதை அவள் பார்க்கவில்லை.

"கோயில மூடிப்புடுவாவன்னு நீங்க அழுததுக்காவ எங்க தெருவே வந்து வேதக்காரங்களா உக்காந்தாச்சு அண்ணாச்சி, வார செவ்வாக்கெழம எங்க சுடலமாடன் கோயில்ல கொடைத் திருவிழா, எங்க பயலுவளும் ஒருத்தனும் ஊருக்கு வரல, அங்கயும் ஆள் காணாது, இந்தத் தம்பிமாரையும் சாமியாரையும் ஒருநாளைக்கு அனுப்பி வையுங்க."