அஞ்சுக்கு அஞ்சு வாங்கிய பருத்திக்காடு

ஆசிரியர் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்த எண்ணைப் பார்த்தாலும் மதிப்பெண்ணாகத்தான் தெரியும். சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் நூற்று இரண்டு அடித்தபோது, தெர்மாமீட்டரைப் பார்த்த அப்பாவின் முகத்தில் ஒரு நொடி பெருமை வந்து போனதாக அம்மா சத்தியம் செய்வார். பசுமலையில் எங்கள் வீட்டில் அப்பா கணக்கு வாத்தியார், அம்மா தமிழ் டீச்சர். டி. கல்லுப்பட்டியில் இருக்கும் அத்தை அறிவியல் டீச்சர். நான் மட்டும் குலத்தொழிலை விட்டுவிட்டு, காளவாசலில் ஒரு டயர் கடையின் மாடியில் இருந்த நில அளவை அலுவலகத்தில் சேர்ந்தேன்.

"வெயில்ல கம்பத் தூக்கிக்கிட்டு அலையுறதுக்கா இம்புட்டுப் படிக்க வச்சேன்?" என்றார் அப்பா. ஒரு மாதம் கெடு கொடுத்தார். அதற்குள் வேலை நிரந்தரமானால் சரி, இல்லாவிட்டால் பி.எட். விண்ணப்பம் தயாராக இருந்தது. (என் பெயரை அதில் அவரே எழுதியும் வைத்துவிட்டார். எவ்வளவு நம்பிக்கை பாருங்கள்!)

மூன்றாவது வாரம் முதலாளி பாண்டி அண்ணன் கூப்பிட்டார். "எஸ்தர் பாப்பா, கல்லுப்பட்டிப் பக்கம் செல்லையாண்ணே பருத்திக்காடு இருக்கு. அளந்து மேப் போட்டுக் குடு. ஒழுங்கா முடிச்சின்னா நீ பெர்மனென்ட்."

எங்கள் வேலை இதுதான். செயற்கைக்கோள் சிக்னலைப் பிடிக்கும் கருவிகள் இரண்டு. ஒன்றை வானம் தெரிகிற ஓரிடத்தில் அசையாமல் நாள் முழுக்க நிறுத்திவைக்க வேண்டும். அதற்குப் பெயர் பேஸ். இன்னொன்றைக் கம்பில் மாட்டிக்கொண்டு காட்டின் மூலைமுடுக்கெல்லாம் போக வேண்டும். பிறகு இரண்டிலும் பதிவானதைக் கணினியில் ஒப்பிட்டால், மீட்டர் கணக்கில் இருக்கும் பிழை விரல் அகலத்துக்குக் குறைந்துவிடும். ஒப்பிடுகிற மென்பொருள் அண்ணனின் கணினியில் மட்டும்தான் இருந்தது.

"அதெல்லாம் வேணாம்ணே. கமாண்ட் லைன் டூல் இலவசமாவே கிடைக்குது. கறுப்பு ஸ்கிரீன்ல தட்டினாப் போதும்" என்றேன், பிறந்ததிலிருந்தே தட்டிக்கொண்டிருப்பவள் மாதிரி.

சனிக்கிழமை காலை அத்தை வீட்டு மொட்டைமாடியில் முக்காலியை விரித்து பேஸை நிறுத்தினேன். "ரொம்ப விலை கூடுன மெஷின் அத்தை, பத்திரமாப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு அண்ணனோடு காட்டுக்குப் போனேன். அந்த ஒரு வாக்கியத்தோடு நிறுத்தியது என் முதல் தவறு. சாயங்காலம் திரும்பியபோது கருவி வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. அத்தை கொடுத்த பணியாரத்தைத் தின்றுவிட்டு நிம்மதியாக வீடு வந்து சேர்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆராதனை முடிந்ததும் கறுப்புத் திரையைத் திறந்தேன். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார், தேர்வுக் கண்காணிப்பாளர் போல. முதல் கட்டளை, கருவியின் பதிவைப் பொது வடிவத்துக்கு மாற்றுவது. அது ஓடிவிட்டது. இரண்டாவது, இரண்டு பதிவுகளையும் ஒப்பிடுவது. அதுவும் ஓடியது. ஆனால் விடைக் கோப்பு காலி.

கட்டளையில் ஒற்றைக் கோடு போட்டுப் பார்த்தேன், இரட்டைக் கோடு போட்டுப் பார்த்தேன். கோப்புகளை முன்னும் பின்னும் மாற்றிப் பார்த்தேன். காலி. அப்பா, பி.எட். விண்ணப்பம் இருந்த அலமாரிப் பக்கம் ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான்.

அந்தப் பார்வையில் எனக்கு வெறி பிடித்தது. அமைப்புக் கோப்பை மேலிருந்து கீழ்வரை தேடினேன். ஒப்பிட முடியாவிட்டாலும் ஏதாவது ஒரு விடையைக் கொடுக்கச் சொல்லும் வரி ஒன்று அணைந்து கிடந்தது. ஏன் அணைத்து வைத்திருக்கிறார்கள் என்று யோசிக்கிற புத்தி எனக்கு இல்லை. அதை இயக்கி என்டரைத் தட்டினேன். எண்கள் மழையாகக் கொட்டின!

"கடேசில வரிசையா அஞ்சு அஞ்சுன்னு வருதே, அது என்னம்மா?"

"குவாலிட்டிப்பா."

"எத்தனைக்கு?"

கையேட்டில் ஒன்று முதல் ஐந்து வரை ஏதோ பட்டியல் பார்த்த ஞாபகம். "அஞ்சுக்குப்பா."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "எல்லாப் புள்ளிக்கும் அஞ்சுக்கு அஞ்சா!" அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அத்தைக்குப் போன் போட்டார். அச்சடித்த வரைபடத்தின் மூலையில் சிவப்பு மையால் 'மிக நன்று' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். நானும் அதைத் தடுக்கவில்லை.

திங்கட்கிழமை காட்டில் வைத்து அந்தப் படத்தை (சிவப்பு மையோடுதான்) செல்லையாண்ணன் கையில் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்துக் காடு அவர் தங்கை வீட்டுக்காரர் கருப்பையாவுடையது. அவருடைய மோட்டார் ரூமை என் எல்லைக்கோடு குறுக்கே வெட்டிக்கொண்டு போயிருந்தது.

"மாப்ள, உங்க மோட்டார் ரூம்ல பாதி எனக்காம்ல! மேப்பு சொல்லுது."

"யாரு சொன்னா? எங்கய்யா காலத்து ரூமு அது!" கருப்பையா மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வந்தார். "இன்னைக்கு ரூமைக் கேப்பீங்க, நாளைக்குக் கிணத்தைக் கேப்பீங்க!"

ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த இரண்டு குடும்பங்கள் என் கண்ணெதிரே பிரிந்துகொண்டிருந்தன. பாண்டி அண்ணன் படத்தை வாங்கி, வரப்பைப் பார்த்தார். நிஜ வரப்பு ஸ்கேல் வைத்துப் போட்டது போல நேராகக் கிடந்தது. படத்தில் அது பாம்பாக நெளிந்தது. "இதுக்கு மிக நன்றுன்னு போட்டது யாரு?" என்றார். எனக்கு அங்கேயே பருத்திக்குள் படுத்துவிடலாம் போலிருந்தது.

அண்ணனின் ஜீப் முகப்பில் மடிக்கணினியை வைத்தேன். எந்த நேரத்தில் எத்தனை செயற்கைக்கோள் தெரிந்தது என்று பேஸ் பதிவைக் கேட்க ஒரு கட்டளை உண்டு. ஞாயிற்றுக்கிழமையே தட்டியிருக்க வேண்டியது. பத்து இருபது வரை பதினெட்டு, பத்தொன்பது என்று வந்தது. அதன் பிறகு, நாங்கள் காட்டில் அளந்த நேரம் முழுக்க, சைபர். நாலு மணிக்கு மறுபடியும் பதினெட்டு. அத்தைக்குப் போன் போட்டேன்.

"ஆமா தாயி, அம்புட்டு வெயிலு! சூடு எலக்ட்ரானிக்ஸுக்கு ஆகாதுன்னு பிள்ளைகளுக்குப் பாடமே எடுக்கிறேன், எனக்குத் தெரியாதா? படிக்கட்டுக்கு அடியில நிழல்ல வச்சு ஈரத்துணி போத்திவிட்டேன். வெயில் தாழவும் எடுத்த இடத்துலயே வச்சிட்டேன். ஏன், பழுதாயிருச்சா?"

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். எல்லாரும் கேட்டார்கள். கையேட்டையும் அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். அது மார்க் இல்லை, ரேங்க். ஒன்றுதான் முதல் தரம். ஐந்து என்றால் ஒப்பிடாமலே கண்ணைக் கட்டிக்கொண்டு சொன்ன விடை.

மடிக்கணினியை மூடிவிட்டுச் சொன்னேன். "தப்பு என் மேலதாண்ணே. மேப்பு செல்லாது. மோட்டார் ரூம் எங்க இருக்கோ அங்கதான் இருக்கு. நாளைக்குத் திரும்ப அளந்து தாரேன்."

முதலில் சிரித்தது கருப்பையாதான். "மெஷினுக்கு ஈரத்துணியா! மச்சான், எம் மோட்டாருக்கும் ஒண்ணு போத்திவிடுவோமா?" செல்லையாண்ணனும் சிரித்துவிட்டார். கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான்.

மறுநாள் திரும்ப அளந்தோம். எல்லாப் புள்ளிக்கும் ஒன்று வந்தது. கோடு வரப்போடு ஒட்டி ஓடியது. படத்தைக் கொடுத்துவிட்டு, வேலை போய்விட்டது என்று விடைபெறுவதற்காக நின்றேன். பாண்டி அண்ணன் படத்திலிருந்து நிமிரவில்லை. "தப்பா அளக்காதவன் எவனும் இல்ல பாப்பா. ரெண்டு பேரு அடிச்சுக்கிற நேரத்துல என் தப்புன்னு சொன்ன பாரு, அதுக்குத்தான் பெர்மனென்ட். உங்கத்தைய மட்டும் மாடிப்பக்கம் விட்ராத."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சாம்பார் கரித்துப்போனால் அப்பா "அஞ்சுக்கு அஞ்சு" என்பார். அம்மா ஒரு வாரம் அப்பாவோடு பேசமாட்டார்.

சில வருடம் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா கேசரியைக் கையில் வைத்துக்கொண்டு, "வெயில்ல அலையுற வேலையாமே? பி.எட். முடிச்சா நிழல்லயே இருக்கலாம்ல?" என்று கேட்டார். அது அப்பாவின் பழைய வசனமாயிற்றே. அப்பா தொண்டையைச் செருமினார்.

"நிழல்ல வச்சா அஞ்சுதாங்க வரும். எம்மக வெயில்லயே நிக்கட்டும்."

அம்மாவும் அத்தையும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வந்தவர்கள் முழித்தார்கள். மாப்பிள்ளை மட்டும் என்னிடம் திரும்பி, "அப்ப ஒண்ணு வரணும்னா என்ன செய்யணும்?" என்று கேட்டார். அவரைத்தான் கட்டிக்கொண்டேன்.